‘அங்கேயே இரு’ என்று காட்டிய கை

மகனுக்கு,

நலம் விசாரித்துத் தொடங்குவதுதான் கடிதத்துக்கு மரியாதை. ஆனால் நீ நலமாக இருப்பதைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மூன்று இடத்தில் பார்த்துவிட்டேன். கறுப்புக் கண்ணாடி போட்டு, ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை நீ நடத்தப்போகும் படகுப் போட்டிக்கு வைத்த நாலு ஆள் உயர பேனரில் சிரித்துக்கொண்டு நிற்கிறாய். உனக்குப் பின்னால், மேகத்திலிருந்து சாமி எட்டிப் பார்ப்பதுபோல நான். முப்பது வருடத்துக்கு முந்தைய நான். நாலு பேர் தோளில் உட்கார்ந்து, இடது கையில் கோப்பை, வலது கையை உயர்த்தி உள்ளங்கையை விரித்துக் காட்டுகிறேன். கீழே கொட்டை எழுத்தில், ‘நம் கடலின் பொற்காலம் திரும்புகிறது’ என்று போட்டிருக்கிறாய். பேருந்தில் பக்கத்து சீட்டில் இருந்தவர் என்னிடமே கேட்டார், “மேல இருக்கறது யாருங்க, கட்சிக்காரரா?” ஆமாம், போன வருடம் காலமாகிவிட்டார் என்று சொன்னேன். பாவம், அவர் உச்சுக் கொட்டினார்.

நீ போனில் கேட்டது நினைவிருக்கிறது. “அப்பா, விழா மலருக்கு ரெண்டு பக்கம் எழுதிக் கொடுங்க. அந்தக் காலத்துப் படகுப் போட்டி எவ்ளோ ஜாலியா இருந்துச்சுன்னு எழுதுங்க போதும். எழுத்துப் பிழை இருந்தா நாங்க பாத்துக்கறோம்.” பத்தாம் வகுப்பை இரண்டு முறை எழுதியவனுக்கு நீ காட்டிய அந்தப் பெருந்தன்மைக்கு நன்றி. இதுதான் நீ கேட்ட இரண்டு பக்கம். கொஞ்சம் நீளமாகிவிட்டது. பிழைகளைத் திருத்திக்கொள். ஆனால் ஒரு வரியைக்கூட வெட்டாதே. வெட்டினால் முதல் பக்கத்தில் போட்டிருக்கும் என் படத்தையும் சேர்த்து வெட்டிவிடு. நான் கோபமாகத்தான் எழுதுகிறேன். உன் அம்மா அடுப்படியிலிருந்து, “புள்ளைக்கு லெட்டரா, கேஸ் போடறியா? பேனா கிழிக்கிற சத்தம் இங்க கேக்குது” என்கிறாள்.

முதலில் அந்தப் பொற்காலத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உன் நண்பர்களும் படிக்கட்டும். திருக்கழுக்குன்றத்துக்கு இந்தப் பக்கம் ஒரு காலனியில் பிறந்தவன் நான். உன் தாத்தா அடுத்தவன் வயலில் நின்றார். நான் அடுத்தவன் வயலின் பம்புசெட்டைப் பிரித்து மாட்டக் கற்றேன். அச்சரப்பாக்கத்தில் ஒரு பட்டறையில் டீசல் என்ஜின் வேலை. அப்போதுதான் மாமல்லபுரத்துக் குப்பங்களில் அதே டீசல் என்ஜினைத் தூக்கி பைபர் படகில் வைக்கத் தொடங்கினார்கள். வயலில் தண்ணீர் இறைத்த சனியன், நீளமான கம்பியும் அதன் முனையில் ஒரு விசிறியும் மாட்டிக்கொண்டு கடலைக் கலக்கியது. ரிப்பேருக்கு ஆள் இல்லை. நான் வந்தேன். கடல் ஓரத்தில் பிறக்காதவன், நீச்சல் தெரியாதவன், அலையைப் பார்த்தாலே வயிறு புரட்டுகிறவன். குப்பத்தில் எனக்கு வைத்த பெயர் ‘பம்புசெட்டு’. இன்றுவரை அங்கே என் சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. ரேஷன் கார்டைக் காட்டினால்தான் நம்புவார்கள்.

போட்டி என்று நீ சொல்கிறாயே, அதை யாரும் போட்டியாகத் தொடங்கவில்லை. எந்த மெக்கானிக் கட்டிய என்ஜின் வேகம் என்று கரையில் வாய்ச்சண்டை வரும். அதைத் தீர்க்கக் காணும் பொங்கலன்று ஓட்டிப் பார்த்தார்கள். கரையில் சுற்றுலா வந்த கூட்டம், கல்பாக்கத்துக் குடியிருப்பிலிருந்து வந்த குடும்பங்கள், பஞ்சுமிட்டாய், மைக் செட்டு. கலங்கரை விளக்கத்துக்கு நேரே புறப்பட வேண்டும். வடக்கே பட்டிபுலத்துக்கு எதிரே கடலில் ஒரு நீல டிரம் மிதக்கும். அதைச் சுற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். அவ்வளவுதான். உயிர்காக்கும் சட்டையா? தெர்மகோல் துண்டை இடுப்பில் கட்டினவனை ஊரே கேலி செய்தது. சைலன்சரைக் கழற்றினால் இழுப்பு அதிகம் என்று நான்தான் கண்டுபிடித்தேன். அந்தக் கண்டுபிடிப்புக்குப் பரிசாக என் வலது காது போய்விட்டது. நீ போனில் பேசும்போதெல்லாம் நான் ‘ஆங், ஆங்’ என்பது உன் பேச்சை ஒப்புக்கொண்டு அல்ல. டீசல் புகை, உப்புத் தண்ணீர், முதுகெலும்பில் அடி, வாந்தி. இதுதான் நீ திருப்பிக் கொண்டுவரப் போகும் பொற்காலம். எடுத்துக்கொள்.

இப்போது தேசப்பனைச் சொல்ல வேண்டும். உனக்கு இந்தப் பெயர் தெரியாது. தெரியாதபடி நான் பார்த்துக்கொண்டேன். நான் ஓட்டி ஜெயித்த படகு தேசப்பனுடையது. என் வயதுக்காரன், எனக்கு மாமல்லபுரத்தில் முதல் நாஸ்தா வாங்கிக் கொடுத்தவன், குப்பத்தில் ஒருவன் என்னை ஜாதி கேட்டபோது, “என்ஜினு ஜாதிடா, போ” என்று விரட்டியவன். போட்டியில் என்ஜினை நான்தான் பார்க்க வேண்டும், அதன் நோய் எனக்குத்தான் தெரியும் என்று, சொந்தப் படகின் பின்பக்கத்தை எனக்குக் கொடுத்துவிட்டு அவன் முன்னால் அணியத்தில் நின்றான். அணியத்தில் நிற்கிறவன்தான் படகுக்குக் கண். அலை எப்படி வருகிறது என்று பார்த்துக் கையால் காட்டுவான். ஏனென்றால் அந்தச் சத்தத்தில் பேச்சு கேட்காது, கைதான் பேச்சு. இடது கையை வீசினால் இடப்பக்கம் ஒடித்துத் திருப்பு. மணிக்கட்டை ஆட்டினால் வேகத்தைக் குறை. அதில் ஒன்றை மட்டும் எல்லாக் குப்பத்திலும் எல்லோரும் ஒரே மாதிரி காட்டுவார்கள். வலையோடு தண்ணீரில் இறங்கினவனுக்கும், தவறி விழுந்தவனுக்கும் காட்டுவது அது. வலது கையை உயர்த்தி உள்ளங்கையை விரித்தால், ‘அங்கேயே இரு, நான் சுற்றிக்கொண்டு வருகிறேன்’ என்று பொருள். கடலில் கிடப்பவன் அதைப் பார்த்துவிட்டால் நீந்தி அலைய மாட்டான். இருந்த இடத்திலேயே கையைத் தூக்கிக்கொண்டு மிதப்பான். அப்போதுதான் திரும்பி வரும் படகுக்கு அவன் கிடக்கும் இடம் தெரியும்.

முதல் வருடம் நாங்கள் இரண்டாவதாக வந்தோம். கோவளத்து மெக்கானிக் ஒருவன் கட்டிய என்ஜின் ஜெயித்தது. அவன் கரையில் எல்லார் முன்னாலும், “பம்புசெட்டு, உனக்கு இன்னாத்துக்குடா கடலு? போய் கத்திரிக்காய்க்குத் தண்ணி வுடு” என்றான். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே ஒரு வருடம் பொருமினேன். இப்போது உன்னைத் திட்டுகிற இந்த வாய், அன்று பதில் சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். அடுத்த வருடம் படகை இலேசாக்குவது என்று முடிவு கட்டினேன். நங்கூரத்தை இறக்கினேன். துடுப்பை இறக்கினேன். ஐஸ் பெட்டி, அடிப்பலகை, குடிக்கிற தண்ணீர்க் கேன் வரை இறக்கினேன். கடைசியில், நடுவில் உட்கார்ந்து தண்ணீர் இறைக்கிற மூன்றாவது ஆளையும் இறக்கிவிட்டேன். தேசப்பன் தலையைச் சொறிந்தான். “எல்லாத்தையும் எறக்கிட்ட. அப்பால நான் மட்டும் இன்னாத்துக்கு? என்னையும் எறக்கிடேன்” என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான்.

டிரம்மைச் சுற்றும்போது கோவளத்துப் படகு எங்களுக்கு ஒரு படகு நீளம் முன்னால் இருந்தது. திரும்பி வரும்போது காற்று முதுகில். தேவநேரிக்கு எதிரே அதைப் பிடித்துத் தாண்டினோம். தாண்டின சந்தோஷத்தில் நான் ஆக்சிலேட்டரைக் கடைசிவரை இழுத்தேன். தேசப்பன் மணிக்கட்டை ஆட்டினான், வேகத்தைக் குறை என்று. ஒரு முறை அல்ல, இரண்டு முறை. நான் குறைக்கவில்லை. அடுத்த அலையில் படகு எழும்பி விழுந்தது. அணியத்தில் ஆள் இல்லை.

இனி எழுதப் போவதை உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. முதலில் எனக்குப் பயம் வரவில்லை. படகு முன்பக்கம் இலேசாகி மேலே எழும்பியது. என்ஜினின் குரல் மாறியது. சுமை குறைந்த என்ஜின் ஒரு மாதிரி சுகமாகப் பாடும், மெக்கானிக் காதுக்கு அது தெரியும். அந்த ஒரு நொடி எனக்கு வந்தது சந்தோஷம், மகனே. எழுபது கிலோ குறைந்த சந்தோஷம். அப்புறம் திரும்பிப் பார்த்தேன். அவன் தலை தெரிந்தது. என்னையே பார்த்தான். என் வலது கை தானாக உயர்ந்தது, உள்ளங்கை விரிந்தது. திரும்பத்தான் நினைத்தேனா, பழக்கத்தில் தூக்கினேனா என்று முப்பது வருடமாக யோசிக்கிறேன். ஒன்று மட்டும் தெரியும். கையைக் காட்டினேன். படகைத் திருப்பவில்லை. அவன் மீன் மாதிரி நீந்துவான், பின்னால் வருகிறவர்கள் தூக்கிக்கொள்வார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, நேரே கரைக்கு ஓட்டினேன்.

நீ பேனரில் போட்டிருக்கும் படம் அதற்கப்புறம் எடுத்தது. நாலு பேர் தூக்கினார்கள். போட்டோக்காரன் கையைத் தூக்குங்கள் என்றான். தூக்கினேன். அந்தப் படத்தை எடுத்த கொஞ்ச நேரத்தில் யாரோ கேட்டார்கள், “தேசப்பன் எங்கடா?” அந்தக் கேள்வி படத்தில் விழவில்லை. விழுந்திருந்தால் நீ அதைப் பெரிதாக்கி மாட்டியிருக்க மாட்டாய்.

மூன்றாவதாக வந்த படகில் அவனைப் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். பின்னால் வந்த ஒரு படகின் விசிறி அவன் இடது கணுக்காலைப் பிடித்துவிட்டது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் காலைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். ஆனால் பாதம் மடங்கவில்லை. ஆடுகிற படகின் முனையில் நிற்பதற்கு அந்தக் கால் இனி உதவாது. கட்டிலைச் சுற்றி அவன் அண்ணன், தம்பி, பாதிக் குப்பம் நின்றது. “பம்புசெட்டு, அவன் வுழுந்தது நீ பாக்கலியா?” என்று அண்ணன் கேட்டார். “கண்ணுல தண்ணி அடிச்சிச்சு அண்ணாத்த. சத்தியமா பாக்கல” என்றேன். தேசப்பன் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் கரையில் நான் ஒரு போல்ட்டைக்கூடத் திருகியிருக்க முடியாது. அவன் சொல்லாததால் நான் அங்கேயே தொழில் செய்தேன், உன்னைப் படிக்க வைத்தேன், நீ கேளம்பாக்கத்தில் ஒன்பதாவது மாடியில் வீடு வாங்கினாய்.

அதோடு விட்டேனா? நீ சாப்பிட அடம்பிடித்த காலத்தில் அந்தக் கோப்பையில் சோறு போட்டு ஊட்டினேன். “அப்பா தனி ஆளா போட்டை ஓட்டி ஜெயிச்சேன்” என்று கதை சொன்னேன். தனி ஆளாகத்தான் கரை சேர்ந்தேன், அந்த அளவில் பொய் இல்லை. நீ வாயைப் பிளந்து கேட்டாய். பிளந்த வாயில் சோற்றைத் திணித்தேன். அந்தச் சோறுதான் இப்போது பேனராக நிற்கிறது. எனவே நான் உன்னைத் திட்டும் ஒவ்வொரு வரியிலும் பாதி எனக்கு. மீதிப் பாதி உனக்குத்தான், அதையும் சொல்கிறேன்.

மீன் ஏலம் விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஓர் ஐஸ் கடை இருக்கிறது. தகரக் கூரை, மரத்தூள், ஐஸ் உடைக்கிற மெஷின். போன வாரம் உன் விழாக்குழுவிலிருந்து இரண்டு பேர் போய், ஞாயிற்றுக்கிழமை விருந்தினர் வருகிறார்கள், பார்வைக்கு நன்றாக இல்லை, அன்று ஒருநாள் கடைக்கு முன்னால் நீலப் படுதா கட்டிக்கொள்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். நீதான் சொல்லி அனுப்பினாயாம். “ஒரு நாள்தானே தாத்தா” என்றார்களாம். அந்தத் தாத்தாதான் தேசப்பன். உன் பொற்காலத்தின் பாதி ஆளை நீ படுதா போட்டு மறைக்கிறாய். உனக்குத் தெரியாது, சரி. தெரியாமல் செய்தாலும் அசிங்கம் அசிங்கம்தான். கடலை வைத்து விழா எடுக்கிறவனுக்கு மீன் நாற்றம் ஆகாதென்றால், ஒன்பதாவது மாடியில் பக்கெட்டில் தண்ணீர் ஊற்றி அதில் ஓட்டு.

நேற்று உன் நோட்டீஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு அவன் கடைக்குப் போனேன். முப்பது வருடத்தில் அந்தக் கடைக்கு நூறு முறை போயிருப்பேன், மெஷின் ரிப்பேருக்கு. போட்டியைப் பற்றி ஒரு முறைகூடப் பேசியதில்லை. நோட்டீஸை நீட்டினேன். அவன் ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு வாங்கி, தூரமாகப் பிடித்துப் பார்த்தான்.

“ஜோராத்தான் கீற. அப்ப முடி இருந்துச்சு உனக்கு.”

“என் புள்ள போட்டது. நான் கயட்டச் சொல்றேன்.”

“முடிய கயட்டணும்னா அது தானாவே போய்ச்சே” என்று சிரித்தான். அப்புறம் படத்தில் என் உள்ளங்கை மேல் விரலை வைத்தான். “இது இன்னா?”

கேட்டுவிட்டு மெஷினை நிறுத்தினான். திடீரென்று அலைச் சத்தம் கேட்டது.

“நான் வுழுந்தப்ப இதே கைதான காட்டின?”

“நீ பாத்தியா?”

“பாக்காம? கைய காட்டிட்ட, சுத்திக்கினு வருவன்னு அங்கியே மெதந்துகினு இருந்தேன். பின்னால படகு வர்ற சத்தம் கேக்குது. ஒதுங்கலாம்னு பாத்தா, நீ வந்து என்ன தேடுவியேன்னு ஒதுங்கல.” கீழே கிடந்த ஒரு ஐஸ் துண்டைக் காலால் தள்ளினான், அந்த மடங்காத காலால். “நீ கைய காட்டாம போயிருந்தா நான் பாட்டுக்கு நீந்திப் போயிருப்பேன், நைனா.”

இதுதான் விஷயம், மகனே. நான் திரும்பாததுகூட இல்லை. திரும்புவேன் என்று காட்டிவிட்டுத் திரும்பாதது. இத்தனை வருடம் நான் ‘பார்க்கவில்லை’ என்ற பொய்யைத்தான் பெரிய குற்றம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதைவிடப் பெரியது என் கையில் இருந்தது. அதை நீ நாலு ஆள் உயரத்துக்கு எழுப்பி, ரோட்டில் போகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறாய்.

அப்போது ஏன் ஆஸ்பத்திரியில் சொல்லவில்லை என்று அவனைக் கேட்டேன். “சொன்னா உன்ன கொன்னு போட்டிருப்பானுங்க. அப்பால என் என்ஜினு யாரு பாக்கறது?” என்றான். உடனே, “உன் மேல எனக்குக் காண்டு இல்லன்னு நெனைக்காத. கீது. அப்டியே கீது” என்றான். மெஷினை மறுபடி போட்டான். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன், அந்தச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. வேண்டுமென்றேதான் போட்டிருப்பான்.

இனி ஞாயிற்றுக்கிழமை. போட்டி வேண்டாம் என்று சொன்னால் நீ கேட்கப்போவதில்லை. நானும் உன் வயதில் யார் சொல்லியும் கேட்கவில்லை, எங்கள் குடும்பத்துக் காது அப்படி. ஓட்டு. உன் படகு என்னுடையதைவிட எத்தனையோ மடங்கு வேகம். உனக்குப் பக்கத்தில் உட்காரப் போகிற அந்தப் பையன் பிரவீன், உன் ஆபீஸ் நண்பன், நம் வீட்டில் வந்து உன் அம்மா கையால் மீன் குழம்பு சாப்பிட்டவன். அவன் வேகத்தைக் குறை என்று சொன்னால் முதல் முறையிலேயே குறை. அவன் விழுந்தால் கையைக் காட்டாதே; ஸ்டியரிங்கைத் திருப்பு. யார் முந்தினாலும் முந்தட்டும். கோப்பை வேண்டுமானால் நம் வீட்டில் ஒன்று இருக்கிறது, அடியில் கொஞ்சம் துரு, எடுத்துக்கொள்.

மேடையில் எனக்குப் போட்ட நாற்காலியை எடுத்துவிடு. பேனரில் என் படத்தைக் கிழித்துவிடு; மூன்றையும், ஞாயிற்றுக்கிழமைக்குள். ஐஸ் கடைக்குப் படுதா கட்ட வருகிற ஆளை நானே கடை வாசலில் நின்று பார்த்துக்கொள்கிறேன், முன்கூட்டிச் சொல்லவில்லை என்று அப்புறம் சொல்லாதே. உங்கள் மீட்புப் படகுகள் இரண்டும் புறப்படும் இடத்திலும், இம்முறை திருப்பம் வைத்திருக்கும் கோவளத்திலும் நிற்கும் என்று நோட்டீஸில் படித்தேன். தேவநேரிக்கு எதிரே யாரும் இல்லை. அங்கே ஒரு பழைய பைபர் படகு போட்டிப் பாதைக்கு வெளியே நிற்கும். தேசப்பனின் மருமகனுடையது. உங்கள் ஆட்களிடம் சொல்லிவை, விரட்ட வேண்டாம். பின்னால் என்ஜினில் தேசப்பன் உட்கார்ந்திருப்பான்; நேற்று கிளம்பும்போது கேட்டேன், ஒப்புக்கொண்டான். அந்த வேலைக்குக் கால் தேவையில்லை. அணியத்தில் நான். இன்றும் நீச்சல் தெரியாது, இன்றும் வயிறு புரட்டும், உயிர்காக்கும் சட்டை இரண்டு போட்டுக்கொள்வேன். இந்த முறை நான் பார்க்க வேண்டியவன், அவன் திருப்ப வேண்டியவன்.

இதுவரை எழுதியதை இன்று காலையில் அவனுக்குப் படித்துக் காட்டினேன். ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்து முழுவதும் கேட்டான். கணுக்கால் வரும் இடத்தில் மட்டும் காலைப் பெட்டிக்கு அடியில் இழுத்துக்கொண்டான்.

“புள்ளைய ரொம்ப திட்டிட்ட” என்றான்.

“அவனுக்குப் பத்தாது.”

“கடேசில ஒண்ணு சேத்து எழுது.”

“இன்னா?”

“அவன் வுழுந்தா நான் திரும்புவேன்னு எழுது. பம்புசெட்டு சொல்லல, தேசப்பன் சொன்னான்னு எழுது.”

எழுதிவிட்டேன்.

உன் அப்பா